தாமதத்துக்குக் காரணம்

1

இந்தக் கதை என் கற்பனை இல்லை. பின்னால் யாராவது கண்டுபிடித்து என் மூக்கை உடைப்பதற்குள் நானே சொல்லிவிட்டால் கொஞ்சம் மானமாவது மிஞ்சும். கதை என் நாத்தனாருடையது. அவளும் இதைக் கதையாகச் சொல்லவில்லை. ஒரு நாள் காலை எங்கள் வாசலில், கீழ்வீட்டுத் தையல்காரரின் காலி வாளியைப் பார்த்தபடி நின்று அழுதாள். அலுவலகத்தில் மற்றவர்களை அழவைக்கிறவள் என்று பெயர் வாங்கியவள் அவள்.

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல அண்ணி. அந்த லாரி நின்னிருக்கணும். நிக்காததுக்கு நான்தான் காரணம்."

லாரி ஓட்டுவது அவள் வேலை இல்லை என்பதால் எனக்கு எதுவும் புரியவில்லை. உள்ளே அழைத்துப்போய் டீ போட்டுக் கொடுத்து, கேட்டேன். மூன்று நாளில் துண்டு துண்டாகச் சொன்னாள். நான் கதை எழுதுகிறவள். மூன்றாம் நாள் என் கண்ணைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"எழுதிக்கோங்க. ஆனா நான் பாக்காம வெளிய விடக்கூடாது."

அவள் கம்ப்யூட்டர் நிரல் எழுதுகிறவள், அந்தத் தொழிலில் அப்படித்தான். ஒருவர் எழுதியதை இன்னொருவர் வரிவரியாகப் படித்து, "பார்த்தேன், ஏற்றேன்" என்று கீழே எழுதினால்தான் அது உள்ளே போகும். ஆகவே இந்தப் பக்கங்களில் சதுர அடைப்புக்குள் அவள் குரல் கேட்கும். அவள் தள்ளிய வாக்கியங்களையும் நான் அழிக்கவில்லை. நிரலில் அழித்த வரிகூட எங்கோ பதிவாகி இருக்குமாம். எனக்கு மட்டும் என்ன சலுகை?

2

முதல் தொடக்கம்:

மூன்றாம் மாடியின் ஜன்னலோரத்தில், மாலை வெயில் கன்னத்தில் விழ, அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்களில் ஒரு

[என் மேசைக்கு ஜன்னலே கிடையாது அண்ணி. ஜெராக்ஸ் மெஷின் பக்கத்துல உக்காந்திருக்கேன். வெயில் இல்ல, மெஷின் சூடுதான். அப்புறம், கண்கள்ல ஒரு என்ன? — புள்ளி]

புள்ளி என்பது வீட்டில் அவளுக்கு விழுந்த பெயர். என் மகளின் பள்ளிக் கட்டுரையில் விட்டுப்போன முற்றுப்புள்ளிகளை எல்லாம் சிவப்பில் வட்டம் போட்டுக் கொடுத்தாள் ஒரு முறை. மகள் அன்றே "புள்ளி அத்தை" ஆக்கிவிட்டாள். பிறகு அத்தையும் உதிர்ந்துபோனது. நாற்பதைத் தாண்டியவள். கல்யாணம் வேண்டாம் என்று சின்ன வயதில் சொன்னாள், சொன்னதிலேயே நின்றாள். எங்கள் வீட்டுப் பின்னறை அவளுடையது.

இரண்டாம் தொடக்கம்:

அரசுத் துறைகள் திறந்த மூல மென்பொருளைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்வதால் விளையும் பயன்கள் யாவை எனில்

[இது நல்லா இருக்கு. — புள்ளி]

அவளுக்குப் பிடித்துவிட்டதாலேயே அதைக் கைவிட்டேன். மூன்றாவதாக நேராகவே சொல்லிப் பார்க்கிறேன்.

3

புள்ளி குடிநீர் துறையில் நிரல் எழுதுகிறவள். குழாய் போகாத தெருக்களுக்கு லாரியில் தண்ணீர் போகும். எந்தத் தெருவுக்கு எப்போது, யார் முதலில் கேட்டார்கள், போன தடவை யாருக்குக் கிடைக்கவில்லை என்றெல்லாம் பார்த்து முறை வைக்கும் மென்பொருள் ஒன்றை அவள் எழுதினாள். லாரி தெருமுனைக்கு வந்ததும் வீட்டுக்காரர்களின் போனுக்குச் செய்தி போகும். அதற்கு முன்பெல்லாம் முறை வைத்தது ஓட்டுநரின் மனசும், தெருவில் யார் குரல் பெரிது என்பதும்தான்.

அந்தச் சமயம் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒரு துறை எழுதிய மென்பொருளை இன்னொரு துறை முதலிலிருந்து எழுத வேண்டாம். நிரலைத் திறந்து வையுங்கள், வேண்டியவர் பிரதி எடுக்கட்டும், மேம்படுத்தினால் கொடுத்தவருக்கே திருப்பித் தரட்டும். சுற்றறிக்கைகளுக்கு வழக்கமாக நேர்வது இதற்கும் நேர்ந்தது. எல்லோரும் கையெழுத்துப் போட்டு அடுத்த மேசைக்குத் தள்ளிவிட்டார்கள். புள்ளி மட்டும் நிஜமாகவே திறந்து வைத்தாள்.

(இங்கே ஒரு சின்னக் கட்டுரை இருந்தது. பக்கத்து வீட்டுக்குச் சர்க்கரை கொடுத்தால் நம் டப்பா குறையும், நிரலைக் கொடுத்தால் எதுவும் குறையாது, அப்படியும் துறைகள் ஏன் கையை மூடிக்கொள்கின்றன என்று ஒரு பக்கம் ஆராய்ந்திருந்தேன். "கொடுத்தா நம்ம எழுதினதுல இருக்கிற தப்பெல்லாம் வெளிய தெரியும்ல, அதான்" என்று புள்ளி ஒரே வரியில் முடித்தாள். என் பக்கத்தைத் தூக்கிவிட்டேன்.)

வெகுநாள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு தொலைவில் ஓர் ஊரின் நூலகத் துறை அதைப் பிரதி எடுத்தது. அவர்களிடம் ஒரு புத்தக வண்டி இருந்தது. வாசகர் கேட்கும் புத்தகத்தை ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாகப் போகிற வண்டி. தண்ணீர் லாரிக்கு முறை வைக்கும் நிரல் புத்தக வண்டிக்கும் முறை வைக்கும் என்று அங்கே யாருக்கோ தோன்றியிருக்கிறது. லாரி இருந்த இடத்தில் வண்டி, தண்ணீர் இருந்த இடத்தில் புத்தகம் என்று மாற்றிக்கொண்டே வந்தவர் ஒரே ஓர் இடத்தை விட்டுவிட்டார். வாசகர்களின் போனுக்கு இப்படிச் செய்தி போனது: "நாளை காலை உங்கள் தெருவுக்கு ஆறாயிரம் லிட்டர் வரும்."

மறுநாள் தெருவே வாளியும் டிரம்முமாக வரிசையில் நின்றது. வண்டியிலிருந்து இறங்கியவை சிறுகதைத் தொகுப்புகள்.

அப்போதுதான் புள்ளிக்கு அந்த முதல் கடிதம் வந்தது. கடிதம் என்று நான் சொல்கிறேன். அவள் "திருத்தம்" என்பாள். மாற்றிய நிரலோடு ஒரு குறிப்பு, அதன் கீழே பதில், அதற்குப் பதில், எல்லாமே யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய ஒரு பக்கத்தில். அனுப்பியவர் பெயர் இருந்த இடத்தில் "நூலகம்" என்று மட்டும் இருந்தது.

"தவறு எங்களுடையது. ஆனாலும் உங்கள் நிரலில் 'லிட்டர்' ஓர் இடத்தில் தனியாக ஒளிந்திருக்கிறது. அதை வெளியே எடுத்து வைத்தால் அடுத்து எடுப்பவர் தப்பித்துக்கொள்வார். திருத்தம் இணைத்திருக்கிறேன். பின்குறிப்பு: வாளியோடு வந்தவர்களில் நான்கு பேர் உறுப்பினராகச் சேர்ந்துவிட்டார்கள்."

ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து புள்ளி வாய்விட்டுச் சிரித்தாள். பிரதி எடுக்க வந்த கணக்குப் பிரிவுக்காரர் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று நினைத்துச் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டார்.

4

அதன்பின் திருத்தங்கள் வந்துகொண்டே இருந்தன. பண்டிகை விடுமுறையில் முறை எப்படி நகர வேண்டும், ஒரே வீட்டில் இரண்டு பேர் பதிந்தால் என்ன செய்வது என்று நூலகம் ஒவ்வொன்றாகச் சரிசெய்து அனுப்பியது. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பின்குறிப்பு. "இன்று நல்ல மழை. தார்ப்பாய் ஒழுகியதில் சமையல் புத்தகங்கள் மட்டும் நனைந்தன." "இரும்புக்கடைத் தெருவில் ஒருவர் ஒரே நாவலை ஆறாவது முறையாக எடுத்திருக்கிறார். ஏன் என்று கேட்கத் தைரியம் வரவில்லை."

புள்ளி பின்குறிப்புக்குப் பதில் எழுதியதே இல்லை. நிரலை மட்டும் படித்து, குறை இருந்தால் சொல்லி, சரியானதும் "பார்த்தேன், ஏற்றேன்" என்று போடுவாள். போட்டதும் அந்தப் பக்கம் மூடிக்கொள்ளும். பிறகு அடுத்தது வரும்வரை காத்திருக்க வேண்டும்.

காத்திருந்தாள். அலுவலகத்துக்குச் சீக்கிரம் கிளம்ப ஆரம்பித்தாள். "என்ன, குடிநீர் துறை இப்பல்லாம் கோழிக்கு முன்னாடி முழிச்சிக்குது?" என்று அவள் அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், கிண்டலடித்தார். "சர்வர் டவுன் ஆயிருக்கு அண்ணா" என்றாள். சர்வர் வாரக்கணக்கில் டவுனாகவே இருந்தது.

அவள் ஏங்கினாள்.

[வேண்டாம். 'எதிர்பார்த்தாள்' போதும். — புள்ளி]

அவள் ஏங்கினாள். வேறு சொல் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகள் அவளுக்குப் பிடிக்காமல் போயின. ஓர் ஊரில் மழை பெய்கிறதா என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. அது எந்த மாதிரி ஊர் என்றுகூட அவளுக்குத் தெரியாது. துணி மடித்துக்கொண்டே, யாரோ ஒருவர் ஏன் அதே நாவலை ஆறு தடவை எடுக்கிறார் என்று யோசித்துக்கொண்டிருப்பாள். என்னிடம் ஒரு முறை கேட்டாள். "திருப்பித் தர மனசு வராதவங்களா இருக்கும்" என்றேன். அதைக் கேட்டு அவள் ஏன் மடித்த துணியையே மறுபடியும் பிரித்து மடித்தாள் என்று எனக்கு அப்போது தெரியாது.

5

இங்கேதான் எனக்குச் சிக்கல். நூலகத்துக்காரர் யார்?

முதலில் அவரை ஐம்பது வயது மனிதராக எழுதினேன். மனைவி இல்லாதவர், கண்ணாடி போட்டவர். பிறகு அந்தக் கண்ணாடி எனக்கே சலித்துவிட்டது. இளைஞனாக்கிப் பார்த்தேன். புள்ளிக்கு நான் ஏதோ சலுகை காட்டுவது போலத் தோன்றியது. அடுத்து, மூன்று பிள்ளை பெற்ற ஒரு பெண்மணி, மதியச் சாப்பாட்டு வேளையில் வேகவேகமாகத் தட்டச்சு செய்கிறார் என்று எழுதியபோது ஏனோ எனக்கே மனசு நிறைந்தது.

"நீ என்னன்னு நினைச்சே?" என்று கேட்டேன்.

"நான் ஆளை நினைக்கவே இல்ல அண்ணி. கையை நினைச்சேன்."

"கையா?"

"ஒருத்தர் எழுதுற நிரலைப் படிச்சா தெரியும். இவங்க அவசரப்படுறதில்ல. அடுத்து வர்றவங்க முழிக்கக்கூடாதுன்னு ஒவ்வொண்ணுக்கும் மேல என்ன ஏதுன்னு ஒரு வரி எழுதி வைப்பாங்க. நமக்குத் தெரியாத யாருக்கோ யார் இப்படியெல்லாம் செய்வாங்க?"

ஆகவே இந்தக் கதையில் நூலகத்துக்காரர் "அவர்" ஆகவே இருப்பார். ஆணா பெண்ணா என்று உங்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டும் என்றால், மன்னிக்கவும், அந்தப் பொறுமை இல்லாதவர்களுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.

6

பிறகு அந்தத் திருத்தம் வந்தது.

புத்தக வண்டிக்காக மாடியிலிருந்து இறங்க முடியாமல் இறங்கும் வாசகர்கள் சிலர் உண்டு. அவர்கள் வாசலுக்கு வருவதற்குள் வண்டி போய்விடும். நூலகத்துக்காரர் ஒரு வழி செய்தார். நடக்கச் சிரமப்படுகிறவர் பதியும்போதே அதைச் சொல்லிவிடலாம். வண்டி அந்த வாசலில் மட்டும் கூடுதலாக நிற்கும். அவர் வந்து "வந்துவிட்டேன்" என்று அழுத்தும்வரை ஓட்டுநருக்கு அடுத்த தெருவைக் காட்டாது. அவர்கள் போனுக்கு இப்படிச் செய்தி போகும்: "வண்டி வாசலில் நிற்கிறது. அவசரமில்லை, மெதுவாக வாருங்கள்."

கீழே எழுதியிருந்தார்: "இது உங்கள் லாரிக்கும் உதவும் என்று நினைக்கிறேன். எங்கள் தேவைகள் இத்துடன் முடிந்தன. இதை நீங்கள் ஏற்றதும் என்னை வேறு பணிக்கு மாற்றுகிறார்கள். பின்குறிப்பு: ஆறு முறை எடுத்தவர் ஏழாவது முறையும் எடுத்துவிட்டார்."

நல்ல திருத்தம். முதல் முறை படித்தபோதே புள்ளிக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு வார்த்தை எழுதினால் போதும். எழுதினால் பக்கம் மூடிக்கொள்ளும், அதன்பின் எதுவும் வராது.

அவள் எழுதினாள்: "பதினோராவது வரியில் ஓர் இடைவெளி கூடுதல். சரிசெய்யவும்."

சரிசெய்து அனுப்பினார், பின்குறிப்போடு. அடுத்து ஒரு பெயர் நீளமாக இருக்கிறது என்றாள். சுருக்கி அனுப்பினார். சுருக்கியது புரியவில்லை என்றாள். பழையபடி நீட்டினார். வாரங்கள் மாதங்களாயின. வேறு எதுவும் கிடைக்காத ஒரு நாள், "செய்தியில் 'அவசரமில்லை' என்பது தேவையற்ற சொல். நீக்கவும்" என்று எழுதினாள்.

அதற்கு மட்டும் அவர் ஒப்பவில்லை. "மன்னிக்கவும், நீக்க மாட்டேன். அந்தச் சொல் இருப்பதால்தான் ஓர் அம்மா மாடிப்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு இறங்குகிறார். முன்பெல்லாம் ஓடிவந்து ஒரு முறை விழுந்திருக்கிறார்."

அதைப் படித்த அன்று, நியாயமாக, ஏற்றிருக்க வேண்டும். "யோசித்துச் சொல்கிறேன்" என்று எழுதினாள்.

[இந்தப் பத்தியில நான் ரொம்ப மோசமா தெரியறேன். — புள்ளி]

[மாத்தட்டுமா? — அண்ணி]

[வேண்டாம். — புள்ளி]

7

கடைசியில் நூலகத்திலிருந்து ஒரு குறிப்பு வந்தது. அனுப்பியவர் பெயர் அதே "நூலகம்"தான், ஆனால் எழுதியது வேறு கை. அவருடைய மேலதிகாரியாக இருக்க வேண்டும். "ஏற்பு தொடர்ந்து தாமதமாவதால் இனி எங்கள் பிரதியை நாங்களே தனிக்கிளையாகப் பராமரித்துக்கொள்வோம். நிலுவையில் உள்ள திருத்தத்தைப் பொருட்படுத்த வேண்டாம்." பின்குறிப்பு இல்லை.

தனிக்கிளை என்றால், இனி அவர்கள் பக்கம் என்ன மேம்பட்டாலும் இங்கே வராது, இங்கே மேம்படுவது அங்கே போகாது. இரண்டு துறைகள் ஒரே நிரலை வளர்த்தது அன்றோடு முடிந்தது. சுற்றறிக்கை விட்டவர்களுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. புள்ளி வீட்டுக்கு வந்து, தலைவலி என்று சொல்லி, சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

மறுநாள் விடுப்பு போட்டாள். காலையில் லாரி வரும் நேரத்துக்கு வாளிகளோடு நாங்கள் இருவரும் வாசலுக்கு இறங்கினோம். வழக்கமாக அந்த நேரத்தில் அவள் அலுவலகத்தில் இருப்பாள். கீழ்வீட்டுத் தையல்காரரை அவள் தையல் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கப் பார்த்திருக்கிறாளே தவிர, ஒரு கையில் ஊன்றுகோலும் மறு கையில் வாளியுமாகப் பார்த்ததில்லை. மனைவி வேலைக்குக் கிளம்பிவிடுவதால் காலைத் தண்ணீர் அவர் பொறுப்பு. போனில் செய்தி வந்ததும் எழுந்தார், கதவைத் திறந்தார், இரண்டு படி இறங்கினார். நாங்கள் பிடித்து முடித்திருந்தோம். வேறு யாரும் இல்லை என்று ஓட்டுநர் லாரியை எடுத்துவிட்டார். நான் கத்தினேன். கேட்கவில்லை.

"எங்ககிட்ட இருக்கு, எடுத்துக்கோங்க" என்று என் வாளியை நீட்டினேன். எப்போதும் நடப்பதுதான்.

"தினம் உங்ககிட்டயே வாங்கினா நல்லாவா இருக்கு?" என்று அவர் சிரித்தார். பிறகு புள்ளியின் முகத்தைப் பார்த்துவிட்டு அவளைத் தேற்றுவதற்காகச் சொன்னார்: "விடும்மா. என் கால் இப்படின்னு அந்த லாரிக்கு எப்படித் தெரியும்?"

தெரிந்திருக்கும். அதைத் தெரியவைக்கும் வரிகள் மாதக்கணக்கில் அவள் கையில் இருந்தன.

அப்போதுதான் அழுதாள்.

8

அன்றைக்கே அலுவலகம் போனாள். விடுப்பு போட்டுவிட்டு எதற்கு வந்தீர்கள் என்று காவலாளிகூடக் கேட்டாராம். பொருட்படுத்த வேண்டாம் என்று சொல்லப்பட்ட திருத்தத்தைத் திறந்து, முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். ஒரு புள்ளிகூட மாற்றவில்லை. "பார்த்தேன், ஏற்றேன்" என்று போட்டாள்.

ஆனால் பக்கம் மூடிக்கொள்ளவில்லை. அவர்கள் துறையில் ஒரு விதி உண்டு. நெடுநாள் நிலுவையில் இருந்ததை ஏற்கும்போது இன்னொரு கட்டத்தையும் நிரப்ப வேண்டும்: "தாமதத்துக்குக் காரணம்". நிரப்பினால்தான் உள்ளே போகும். அது நிரந்தரமாக அங்கே நிற்கும், உலகமே படிக்கலாம். எல்லோரும் அதில் "பணிச்சுமை" என்று எழுதுவார்கள்.

இந்த இடத்துக்கு மூன்று முடிவுகள் எழுதினேன்.

ஒன்றில் அவளும் "பணிச்சுமை" என்று எழுதுகிறாள். லாரி நிற்கத் தொடங்குகிறது, யாருக்கும் எதுவும் தெரியாது. நடக்கக்கூடியது இதுதான். எழுதி முடித்ததும் எனக்குத் தண்ணீர்கூடக் குடிக்கத் தோன்றவில்லை.

இன்னொன்றில் உண்மையை எழுதுகிறாள்: ஏற்றால் நீங்கள் போய்விடுவீர்கள் என்பதால். நூலகத்துக்காரர் எங்கோ வேறு பணியில் இருந்துகொண்டு, ஒரு நாள் பழைய பக்கத்தை எட்டிப் பார்த்து, அதைப் படிக்கிறார். அவர் என்ன செய்தார் என்று எழுதப்போன இடத்தில் என் கை...

மூன்றாவதில் புத்தக வண்டி ஒன்று எங்கள் தெருமுனையில் வந்து நிற்கிறது. அதைப் பற்றிப் பேச வேண்டாம். புள்ளி படித்துவிட்டுப் பதிலே எழுதாமல் திருப்பிக் கொடுத்த ஒரே பக்கம் அது.

"சரி, நிஜமா என்னதான் எழுதினே?"

"அது திறந்துதான் இருக்கு அண்ணி. யார் வேணாலும் போய்ப் பாக்கலாம்."

நான் போய்ப் பார்க்கவில்லை. இரண்டு தடவை முகவரியைத் தட்டிவிட்டு மூடினேன். அந்த வரி எனக்கு எழுதியது இல்லை.

9

இப்போது தையல்காரர் வாசலில் லாரி நிற்கிறது. அவர் போன் ஒலித்ததும் கத்தரிக்கோலை வைத்துவிட்டு, செய்தியை ஒவ்வொரு நாளும் புதிதாக வந்தது போலச் சத்தமாகப் படிக்கிறார். படித்துவிட்டு, வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கப்பட்டவர் போல நிதானமாக இறங்குகிறார். ஓட்டுநர் முணுமுணுக்கிறார், ஆனாலும் நிற்கிறார். புள்ளி இப்போதெல்லாம் தாமதமாகத்தான் அலுவலகம் போகிறாள். மாடியில் தலை வாரிக்கொண்டே அந்தக் குரலைக் கேட்டுவிட்டுப் போகிறாள். அவளிடம் நூலகத்துக்காரருடையது என்று மிஞ்சியது அந்த ஒரு வாக்கியம்தான். அதை அவள் தினமும் ஆயிரம் வீடுகளுக்கு அனுப்புகிறாள்.

நான் இந்தக் கதையை முடித்துவிட்டதாக நினைத்து அவளிடம் கொடுத்தேன். ஒரு காற்புள்ளி கூடுதல் என்று திரும்ப வந்தது. சரிசெய்தேன். ஒரு சொல் இரண்டு முறை வருகிறது என்று வந்தது. மாற்றினேன். பழையதே நன்றாக இருந்தது என்று வந்தது. இப்படியே மழைக்காலம் போய்விட்டது. எனக்குக் கோபம் வந்து அவள் அறை வாசலில் போய் நின்றேன். அவள் ஐந்தாம் பகுதியைப் படித்துக்கொண்டிருந்தாள், அந்தக் கை பற்றிய இடத்தை. அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.

நேற்றுதான் காகிதங்களை என் மேசையில் வைத்தாள்.

"வெளிய விட்டுடுங்க அண்ணி. திறந்து வச்சாதான யாராவது எடுப்பாங்க."

கடைசிப் பக்கத்தின் அடியில் "பார்த்தேன்" என்று மட்டும் எழுதியிருந்தாள்.

"இன்னொரு வார்த்தை எங்க?"

"அதைப் போட்டா மூடிக்குமே" என்றாள்.

ஆகவே இது மூடாத கதை. யார் வேண்டுமானாலும் பிரதி எடுத்துக்கொள்ளலாம். முடிவை எழுதலாம், நூலகத்துக்காரருக்குக் கண்ணாடிகூடப் போட்டுக்கொள்ளலாம். மேம்படுத்தினால் திருப்பித் தந்துவிடுங்கள், அவ்வளவுதான் நிபந்தனை. ஒருவேளை இதைப் படிப்பவர், எப்போதோ ஓர் ஊரில் மழையில் நனைந்த சமையல் புத்தகங்களை உலர்த்தியவராக இருந்தால், அந்தப் பழைய பக்கம் இன்னும் அங்கேயே இருக்கிறது. அடியில் ஒரு வரி இருக்கிறது. அவசரமில்லை, மெதுவாக வாருங்கள்.